நம் பெண் பாடினால் நல்ல பாட்டாகிவிடுமா?



2025 நவம்பர்த் திங்களில் ஒருநாள் இரவு. நம் விடுதி உணவுக்கூடத்தில் ஒரே ஆரவாரம். அமெரிக்க இசையுலகின் பெரும்பரிசாகிய கிராமிக்குப் பரிந்துரைக்கப்பட்டோர் பட்டியல் வெளியாகியிருந்தது. அதிலே 'கேட்ஸ்ஐ' என்னும் பெண்கள் குழுவின் பெயர் இரண்டு இடங்களில் இருந்தது. சிறந்த புதுக் கலைஞர் என்ற வரிசையில் ஒன்று. 'கேப்ரியேலா' என்ற பாட்டுக்காகக் குழுப்பாடல் வரிசையில் மற்றொன்று. அக்குழுவில் பாடுவோர் அறுவர். அந்த அறுவருள் ஒருவர் லாரா ராஜ். அமெரிக்காவில் வளர்ந்த தமிழ்ப் பெண். நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டு மேடையேறுகிறவர்.

“நம்ம பொண்ணுடா!” என்று மேசையில் ஓங்கித் தட்டினான் முதலாண்டுத் தம்பி ஒருவன். சாம்பார் சிந்திற்று. நானும் தட்டினேன், மறைப்பானேன்? மகிழ்ச்சி எனக்கும்தான்.

சற்று நேரம் கழித்து வாய் சும்மா இராமல் ஒரு கேள்வி கேட்டேன். “எல்லாம் சரி. இவர்கள் பாடியதில் மட்டமான பாட்டு எது?”

கூடம் அமைதியாயிற்று. “அண்ணே, நீங்க தமிழர்தானே?” என்றான் அதே தம்பி. பக்கத்திலிருந்தவன் அவனுக்கு விடை சொன்னான்: “அண்ணன் கோலார்ப் பக்கம்டா. பாதிக் கன்னடம். அப்படித்தான் கேட்பார்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆயினும் அன்றிரவு உறக்கம் வரவில்லை. குறையைக் கேட்டவன் தமிழன் ஆகானா? நம் பெண் பாடினாள் என்பதற்காகவே பாடியதெல்லாம் நல்ல பாட்டாகிவிடுமா? இதற்கு விடை சொல்லவே இக்கட்டுரை.

நான் பூதிகோட்டைக்காரன். ஐதர் அலி பிறந்த ஊர் என்று வரலாற்று நூல்களில் ஒரு வரி வரும், அந்த ஊர்தான். என் தாத்தா கோலார்த் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். நிலத்துக்கடியில் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கம் அது. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் தங்கவயலை மூடிவிட்டார்கள். நான் பிறந்தபோது சுரங்கம் இல்லை. சுரங்கத்துக் கதைகள் இருந்தன.

தாத்தா சொன்னவற்றுள் ஒன்று இங்கே பயன்படும். சுரங்கத்திலிருந்து எடுத்த கல்லில் மாதிரி எடுத்துத் தரம் பார்ப்பார்கள். ஒரு டன் கல்லில் எத்தனை கிராம் பொன் என்று எழுதுவார்கள். பொன் மிகுந்த கல்லுக்கும் அதே சோதனை. வெறுங்கல்லுக்கும் அதே சோதனை. “நம்ம சுரங்கத்துக் கல்லுன்னு எவனாவது ரெண்டு கிராம் கூட்டி எழுதினானா? எழுதினா பொன் கூடிடுமா?” என்று கேட்பார் தாத்தா. அந்தச் சோதனையால் யாரும் சுரங்கத்தை வெறுத்ததாகப் பொருளில்லை. எங்கே தோண்டுவது, எங்கே நிறுத்துவது என்று அறிய வேறு வழியில்லை, அவ்வளவுதான்.

இது தங்கவயலுக்கு மட்டும் உரிய நெறியும் அன்று. தருமிக்காக இறைவனே எழுதிக் கொடுத்த பாட்டில் பிழை கண்ட நக்கீரர் கதையைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறவர்கள் நாம். 1965இல் 'திருவிளையாடல்' படத்தில் அக்காட்சியைக் கண்டு கொட்டகை கொட்டகையாகக் கைதட்டியவர்கள் நம் பாட்டன்மார். இடித்துரைப்பார் இல்லாத மன்னன் பகைவர் இல்லாமலே கெடுவான் என்று வள்ளுவர் சொல்லிப் போனார். மன்னனுக்கே அப்படியென்றால் பாட்டுக்குழுவுக்கு இடித்துரை வேண்டாமா?

இனிக் குழுவைப் பற்றிச் சிறிது.

'கேட்ஸ்ஐ' என்றால் பூனைக்கண். நவமணிகளுள் வைடூரியத்துக்கு ஆங்கிலத்தில் அப்பெயர் உண்டு. தென்கொரியாவின் ஹைப் நிறுவனமும் அமெரிக்காவின் கெஃபன் இசைத்தட்டு நிறுவனமும் சேர்ந்து 2023இல் 'டிரீம் அகாடமி' என்று ஒரு போட்டி நடத்தின. 1,20,000 பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள் என்று நிறுவனங்கள் அறிவித்தன. அவர்களுள் 20 பேரைப் பொறுக்கி மேடையேற்றி, அந்த ஆண்டு நவம்பரில் அறுவரைத் தேர்ந்தார்கள். பிலிப்பைன்சு நாட்டு சோபியா, சுவிட்சர்லாந்தின் மனோன், கொரியாவின் யூன்சே, அமெரிக்காவிலிருந்து டேனியலா, மேகன், நம் லாரா.

2024 ஆகஸ்டில் முதல் இசைத்தட்டு, ஐந்து பாட்டு. 2025 ஜூனில் இரண்டாவது, அதிலும் ஐந்து. ஆகப் பத்துப் பாட்டு. சங்கப் புலவர்களின் பத்துப்பாட்டுக்கும் இதற்கும் உறவில்லை. தமிழ் வகுப்பு நண்பர்கள் சினம் கொள்ள வேண்டா. இந்தப் பத்தையும் ஒரு வாரம் திரும்பத் திரும்பக் கேட்டேன். ஐந்தைத் தள்ளி வைத்தேன்.

எதைக்கொண்டு தள்ளினாய் என்று கேட்பீர்கள். குரல் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கவில்லை. ஆறு குரலும் தேர்ந்த குரல்களே. ஆட்டத்தைப் பார்க்கவில்லை, அதில் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. எத்தனை பேர் கேட்டார்கள் என்றும் பார்க்கவில்லை. நான் கேட்டது ஒரே கேள்வி: இந்தப் பாட்டை இவர்களை விட்டு வேறு அறுவர் பாடியிருந்தால் நமக்கு வேறுபாடு தெரியுமா? தெரியாது என்றால் அது நலிந்த பாட்டு. சூலமங்கலம் சகோதரிகள் பாடிய கந்த சஷ்டி கவசம் விடியற்காலையில் எங்கோ தொலைவில் ஒலித்தாலும், இன்னார் குரல் என்று படுத்தபடியே சொல்லிவிடுகிறோம் அல்லவா? அந்த அளவுகோல்தான் இது. ஐந்தாம் இடத்திலிருந்து தொடங்குகிறேன். முதலிடம் வரவர நலிவு மிகும்.

ஐந்தாவது, 'எம்.ஐ.ஏ.'. இரண்டாம் தட்டின் இறுதிப் பாட்டு. முழக்கம் உண்டு, வேகம் உண்டு. ஆனால் அந்தத் தட்டில் 'நார்லி' என்ற பாட்டு முன்பே செய்து முடித்த கலகத்தை இது மறுபடி செய்கிறது. முதல் தடவை அதிர்ச்சி. இரண்டாம் தடவை பழக்கம். எனினும் கூட்டமாகக் கேட்டால் கால் தானாகத் தாளம் போடும் என்பதால் இதை ஐந்தோடு நிறுத்தினேன்.

நான்காவது, 'டுநைட் ஐ மைட்'. இனிய பாட்டுத்தான். மழைவிட்ட மாலையில் பேருந்தின் சன்னலோரம் அமர்ந்து கேட்கத் தக்கது. ஆனால் 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்த ஆங்கிலப் பாட்டுகள் பலவற்றின் தங்கை அது. முகம் குடும்பத்தின் முகம். தன் முகம் எது என்று தெரியவில்லை.

மூன்றாவது, 'கேம்பாய்'. கையில் பிடித்து விளையாடும் பொம்மை எந்திரம் ஒன்றைக் காதலனுக்கு உவமையாக்கிப் பாடுவது. உவமை முதலில் சிரிப்பூட்டுகிறது. அதன்பின் பாட்டு முழுவதும் அந்த ஓர் உவமையையே பிழிகிறார்கள். கரும்பு சக்கையான பிறகும் ஆலை ஓடுகிறது. இடையிடையே குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று படிகிற இடம் மட்டும் அழகு.

இரண்டாவது, 'மை வே'. 'என் வழி' என்று பொருள். தன் வழியே தான் நடப்பேன் என்று ஒரு பெண் பாடுவது நல்ல கருத்து. நம் மன்றத்தில் யாரும் மறுக்கமாட்டோம். ஆனால் அந்த வழி எப்படி இருக்கிறது? கல் இல்லை, முள் இல்லை, வளைவும் இல்லை. பலர் நடந்து நடந்து வழுக்கையான சாலை. தனித்தன்மையைப் பாடுகிற பாட்டிலேயே தனித்தன்மை காணவில்லை. கருத்து உயர்ந்தது என்பதால் பாட்டு உயர்ந்துவிடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டா.

முதலாவது, அதாவது எல்லாவற்றிலும் நலிந்தது, 'டெப்யூ'. அரங்கேற்றம் என்று பொருள். 2024 ஜூனில் இவர்கள் உலகுக்கு முதன்முதல் கொடுத்த பாட்டு இதுதான். பெயர்பெற்ற ரையன் டெடர் இதன் ஆக்கத்தில் பங்குகொண்டார். பாட்டில் துடிப்பில்லை என்று சொல்லமாட்டேன். ஆட்டத்துக்கு ஏற்ற துடிப்பு நிரம்ப இருக்கிறது. என் மனக்குறை வேறு. ஊரும் மொழியும் வேறு வேறான அறுவர், ஓராண்டுக்கு மேல் பயின்று, போட்டியில் தோழியரை இழந்து, அழுது, எஞ்சி நின்று மேடைக்கு வருகிறார்கள். அவர்களது அரங்கேற்றப் பாட்டு “நாங்கள் யார்?” என்ற கேள்விக்கு விடையாக இருந்திருக்க வேண்டும். “நாங்கள் வந்துவிட்டோம்” என்ற முழக்கம் மட்டும் கேட்கிறது. வந்தவர் யார் என்பது பாட்டு முடிந்த பிறகும் தெரியவில்லை. வேறு எந்த அறுவருக்கும் இந்தச் சட்டை பொருந்தும். ஆகவே முதலிடம்.

“'நார்லி' எங்கே?” என்று கேட்பவர்கள் இருப்பீர்கள். 2025 ஏப்ரலில் அது வந்தபோது, இது பாட்டா இரைச்சலா என்று ரசிகர்களே பிளந்து நின்றார்கள். மட்டமானது எது என்று வாக்கெடுத்தால் நம் விடுதியிலேயே பலர் அதைத்தான் சொல்வார்கள். நான் மாறுபடுகிறேன். குமிழித் தேநீர், பொரித்த கோழி என்று கண்ணில் பட்டதையெல்லாம் ஒரே சொல்லால் அழைக்கிறார்கள். இகழ்ச்சிக்கும் புகழ்ச்சிக்கும் அந்த ஒரு சொல்லே. அழகாக இல்லை, உண்மை. ஆனால் அழகில்லாமல் இருப்பது என்று முடிவு செய்தே பாடியிருக்கிறார்கள். அந்தத் துணிவு யாருடையது என்று ஒருமுறை கேட்டவனுக்கு மறக்காது. பிடிக்காத பாட்டு வேறு. நலிந்த பாட்டு வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணுவது இரசனை அன்று, சோம்பல்.

விற்பனையை அளவுகோலாகக் கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு வெளியுலகச் சான்று ஒன்று தருகிறேன். 1990களில் இங்கிலாந்தில் 'ஸ்பைஸ் கேர்ள்ஸ்' என்ற ஐவர் குழு உலகை ஆட்டிவைத்தது. அவர்களும் விளம்பரம் கொடுத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே. 1996இல் முதல் தட்டாக எதை வெளியிடுவது என்று வந்தபோது, மேலிடத்தார் வேறு பாட்டை விரும்ப, 'வானபி'தான் முதலில் வரவேண்டும் என்று அப்பெண்கள் பிடிவாதமாக நின்றார்கள். அது இங்கிலாந்தில் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது. அமெரிக்காவிலும் முதலிடம் பெற்றது. அவர்களுடைய 11 தனித்தட்டுகளில் 9 இங்கிலாந்தில் முதலிடம் பெற்றவை. 'ஸ்டாப்' என்ற பாட்டு 1998இல் இரண்டாம் இடத்தோடு நின்றது. 2000இல் வந்த 'ஹாலர்' முதலிடம் பெற்றது. ஆனால் 'ஹாலர்' அக்கால அமெரிக்க மோஸ்தரை இரவல் வாங்கி உடுத்த பாட்டு; 'ஸ்டாப்'போ இன்றும் அவர்களின் பாட்டு என்று கேட்டவுடன் தெரிகிறது. பட்டியல் ஒன்று சொல்கிறது. காது வேறு சொல்கிறது. இரண்டில் எதை நம்புவது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

சரி, கேட்ஸ்ஐ குழுவின் பத்தில் நல்ல பாட்டு எது? 'டச்' நல்ல பாட்டு. சிறியது, மெல்லியது, பொய்யில்லாதது. எல்லாவற்றுக்கும் மேலே நான் வைப்பது 'கேப்ரியேலா'. தன் காதலனைப் பறித்துவிடாதே என்று ஒருத்தி மற்றொருத்தியிடம் கெஞ்சுவதும் மிரட்டுவதுமான பாட்டு. கரு பழையது, 1973இல் டாலி பார்ட்டன் 'ஜோலீன்' என்று பாடியதும் இதுவே. ஆயினும் பாட்டின் நடுவே ஓரிடத்தில் ஆங்கிலம் நின்று, ஸ்பானிய மொழி வருகிறது. பாடுபவர் டேனியலா. கியூபா, வெனிசுவேலா வழிவந்த குடும்பத்துப் பெண். அதுவரை பாட்டாக இருந்தது அந்த இடத்தில் பேச்சாகிவிடுகிறது. சினம் வந்தால் எவரும் தாய்மொழிக்குத்தானே திரும்புவார்? எனக்கு ஸ்பானிய மொழி தெரியாது. ஆனால் இதை வேறொருவர் பாடியிருக்க முடியாது என்பது தெரிகிறது.

இப்போது உங்கள் நெஞ்சிலும் அந்தக் கேள்வி எழுந்திருக்கும். இந்தப் பத்துப் பாட்டுகளில் தமிழ் எங்கே?

இல்லை. ஒரு வரியும் இல்லை.

பொட்டு மேடைக்கு வந்துவிட்டது. மொழி இன்னும் வரவில்லை. பொட்டைக் கண்டே நாம் மேசையைத் தட்டிவிட்டோம். நம் கைதட்டலுக்கு அவ்வளவு போதும் என்றால், அதற்குமேல் எவரும் ஏன் கொடுக்கப்போகிறார்கள்? கண்ணை மூடிக்கொண்டு தட்டும் கைதட்டலால் அந்தப் பெண்ணுக்கு எந்த நன்மையும் இல்லை. 'டெப்யூ'வுக்கும் அதே கைதட்டல், 'கேப்ரியேலா'வுக்கும் அதே கைதட்டல் என்றால், பாட்டைத் தேர்ந்தெடுக்கிற நிறுவனத்தார் எதைக் கற்றுக்கொள்வார்கள்?

இங்கே என்னையே நான் மறுத்துப் பார்க்கவும் வேண்டும். தமிழ்ச்சொல் ஒன்றைக் கறிவேப்பிலைபோல் தூவிவிட்டால் பாட்டு உயர்ந்துவிடுமா? உயராது. சந்தைக்காக ஒட்டிய தமிழ், இல்லாத தமிழைவிடத் தாழ்ந்தது. நான் கேட்பது தூவலை அன்று. டேனியலாவுக்கு அந்த ஒரு பாட்டில் வாய்த்தது போல, லாராவுக்கும் தன் வீட்டுக் குரலில் சினக்கவோ சிரிக்கவோ ஓரிடம் வாய்க்க வேண்டும். அந்தத் தமிழ் அமெரிக்கத் தமிழாகவே இருக்கட்டும். றகரம் ரகரம் ஆகட்டும். இலக்கணப் பிழைகூட இருக்கட்டும். அவருடையதாக இருந்தால் போதும்.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு எப்படி வந்தது தெரியுமா? பாதிக் கன்னடம் என்று சிரித்தீர்களே, அதனால்தான் வந்தது. எங்கள் பக்கத்துத் தமிழில் கன்னடம் உண்டு, தெலுங்கு உண்டு, உருது உண்டு. வடஆற்காட்டிலிருந்தும் தருமபுரிப் பக்கமிருந்தும் சுரங்கவேலைக்கு வந்த கூலிமக்களின் தமிழ் அது. நான் இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்த முதலாண்டில், நம் மன்றத்துப் பேச்சுப் போட்டியில் கலந்துகொண்டேன். சிரிப்பார்களே என்று அஞ்சி, அந்தத் தமிழைப் பெட்டியில் பூட்டிவிட்டு, நூலகத்தில் மனப்பாடம் செய்த அடுக்குமொழியைப் பொழிந்தேன். கைதட்டினீர்கள். பரிசும் தந்தீர்கள். ஆனால் அந்தப் பேச்சில் நான் இல்லை. வேறு எவனும் அதைப் பேசியிருக்கலாம். என் அளவுகோலின்படி நான் பேசியவற்றுள் முதலிடம் அதற்கே; மட்டமானவற்றின் வரிசையில்!

அன்று யாரேனும் ஒரு நண்பர் என்னைத் தனியே அழைத்து, “தம்பி, பேச்சு நன்றாக இருந்தது. ஆனால் இது உன் பேச்சு இல்லையே!” என்று சொல்லியிருந்தால் நான் ஓராண்டு முன்னதாகவே விழித்திருப்பேன். அப்படிச் சொல்வதே அன்பு. கைதட்டல் எளிது.

எங்கள் ஊரைப் பற்றி ஒரு செய்தி சொல்லி முடிக்கிறேன். 2000ஐ அடுத்த ஆண்டுகளில் பூதிகோட்டையில் 'நம்ம த்வனி' என்று ஓர் ஊர் வானொலி நடந்தது. நம் குரல் என்று பொருள். அரசும் கல்வி நிலையங்களும் அல்லாத அமைப்புகள் சமுதாய வானொலி நடத்தலாம் என்ற இசைவு 2006இல்தான் வந்தது. அதற்கு முன்பே எங்கள் ஊரில் காற்றில் அனுப்ப வழியில்லாமல் கம்பி வழியே வீடுகளுக்கு அனுப்பினார்கள். பெண்கள் சங்கங்களைச் சேர்ந்தவர்கள் ஒலிவாங்கியின் முன் அமர்ந்து, தங்களுக்குத் தெரிந்ததைத் தங்கள் பேச்சிலேயே பேசினார்கள். என் அத்தை சொல்வார்: “பேர் சொல்லவே வேண்டாம்டா. வாயைத் திறந்தா போதும், இது இன்னார் வீட்டுக்காரின்னு தெரு முழுக்கத் தெரியும்.”

அத்தைக்குக் கிராமியும் தெரியாது, கெஃபனும் தெரியாது. ஆனால் நான் ஒரு வாரம் பாட்டுக் கேட்டுக் கண்டுபிடித்த அளவுகோலை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

தங்கவயலில் இன்றும் சயனைடு மேடுகள் மலைபோல் நிற்கின்றன. ஆலையில் அரைத்துப் பொன்னைப் பிரித்தபின் கொட்டிய மண். அதிலும் சிறிது பொன் எஞ்சியிருக்கிறது என்கிறார்கள். நான் தள்ளிவைத்த ஐந்து பாட்டுகளும் அப்படித்தான். அவற்றிலும் பொன் உண்டு. மேடு முழுவதும் பொன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

தம்பி, அன்று நீ கேட்ட கேள்விக்கு விடை இதுதான். நான் தமிழன்தான், கோலார்த் தமிழன். லாரா நம் பெண்தான். ஆதலால்தான் தரம் பார்த்தேன். என் வரிசை தவறென்று உனக்குத் தோன்றினால் அடுத்த இதழில் உன் வரிசையை எழுது. உன் தமிழில் எழுது. நான் முதல் ஆளாகப் படிப்பேன். மட்டமாக இருந்தால் அதையும் சொல்வேன்.